தலையில் அடிபட்ட பிள்ளையை மீண்டும் எப்போது விளையாட விடலாம்? ஐஸ் ஹொக்கி மோதலும் நம் மைதானங்களும்

அரியாலை மாமா (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர் நான். ஸ்காபரோவில் வசிக்கும் என் தங்கையின் மகனுக்கு 14 வயது. ஐஸ் ஹொக்கி விளையாடுபவன். கடந்த மாதம் ஒரு சுற்றுப்போட்டியில் பின்னாலிருந்து தள்ளப்பட்டு, ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் தலை மோத விழுந்திருக்கிறான். மயங்கவில்லை, வாந்தி எடுக்கவில்லை, எழுந்து மீண்டும் ஆடவும் போயிருக்கிறான். ஆனால் அடுத்த முறை வாங்கிலில் வந்து அமர்ந்தபோது, எத்தனைக்கு எத்தனை என்று பக்கத்திலிருந்த பையனிடம் கேட்டு, பதில் வந்த சிறிது நேரத்தில் அதே கேள்வியை மறுபடியும் கேட்டதைப் பயிற்சியாளர் கவனித்து உடனே வெளியே எடுத்துவிட்டார். குடும்ப வைத்தியர் பார்த்து, கன்கஷன், அதாவது மூளையதிர்வு, என்று சொல்லி மீண்டும் விளையாட்டுக்குத் திரும்புவதற்கான ஆறு படிகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்.

விடுமுறைக்கு இப்போது யாழ்ப்பாணம் வந்திருக்கிறான். பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. ஒழுங்கையில் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் பின்னேரம் தோறும் பந்தோடு வந்து கூப்பிடுகிறார்கள். தாளிலோ மூன்றாம் படிக்கு மேல் இன்னும் அடையாளமிடப்படவில்லை. கனடாவில் ஸ்கான் எடுக்காதது பெரும் கவனக்குறைவு என்பது என் மூத்த அத்தானின் வாதம். இங்கே தனியார் நிலையத்தில் உடனே எடுக்கலாம் என்கிறார். அவன் பகலில் கொஞ்சம் நித்திரை கொண்டாலும் அம்மம்மா பயந்து எழுப்பிவிடுகிறார். ஸ்கான் தேவையா, இருட்டறையில் வைத்திருக்க வேண்டுமா, பந்து விளையாட விடலாமா என்ற மூன்றையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். இதே நிலை நம் பாடசாலைப் பிள்ளை ஒருவனுக்கு வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதும் சில நாட்களாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வலிகாமம் வைத்தியர்

மாமா, பிள்ளையைப் பார்க்காமல் இங்கே நான் எழுதுவது பொதுவான விளக்கமே தவிர மருத்துவ ஆலோசனை அல்ல.

ஸ்கானிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலான குழப்பம் அதிலேதான் இருக்கிறது. சி.ரி. ஸ்கான் தேடுவது இரத்தக்கசிவையும் மண்டையோட்டு முறிவையும். மூளையதிர்வில் இவை இரண்டும் இருப்பதில்லை. தலை திடீரென்று நிற்கும்போதோ சுழலும்போதோ நரம்புக் கலங்களின் சவ்வு இழுபடுகிறது. பொட்டாசியம் வெளியேறுகிறது, கல்சியம் உள்ளே நுழைகிறது, அந்தச் சமநிலையை மீட்பதற்கு மூளைக்கு வழமையை விட அதிக சக்தி தேவைப்படுகிறது, அதே வேளையில் அங்கே செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது. இது செயற்பாட்டில் ஏற்படும் குழப்பம், அமைப்பில் ஏற்படும் உடைவு அல்ல. ஆகவே படம் சுத்தமாக வரும். படம் சுத்தமாக வந்ததால் பிள்ளை சுகம் என்று முடிவெடுத்து மறுநாளே மைதானத்துக்கு அனுப்புபவர்களை நான் கண்டிருக்கிறேன்; ஸ்கான் எடுக்காமல் இருப்பதை விட அது ஆபத்தானது.

எப்போது ஸ்கான் தேவை? திரும்பத் திரும்ப வாந்தி, நேரம் போகப் போகக் கூடிக்கொண்டே செல்லும் தலைவலி, வலிப்பு, ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரிதல், மூக்காலோ காதாலோ தெளிந்த நீர் வடிதல், கை கால் சோர்வு, இரட்டையாகத் தெரிதல், எழுப்பினால் எழும்பாத மந்தம், கழுத்தில் கடும் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழைத்து யாழ் போதனா வைத்தியசாலைக்கோ கிட்டிய ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டு செல்ல வேண்டும். கழுத்து வலி இருந்தால் பிள்ளையைத் தூக்கி நிமிர்த்தாமல், அசைக்காமல் காத்திருக்க வேண்டும். உங்கள் மருமகனுக்கு அடிபட்டு வாரங்கள் கடந்துவிட்டன, இவை எதுவும் வரவில்லை. பரிசோதித்த வைத்தியர் ஸ்கான் தேவையில்லை என்று தீர்மானித்ததைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. தேவையற்ற கதிர்வீச்சைப் பிள்ளைகளுக்குத் தவிர்ப்பதும் வைத்தியர்களின் கடமைதான்.

மயங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மூளையதிர்வு வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. எத்தனைக்கு எத்தனை என்று இரண்டு முறை கேட்டானே, அந்தப் பயிற்சியாளருக்கு நோயைக் காட்டிக்கொடுத்தது அதுதான். இதற்கென்றே நோய்க்கணிப்பில் சில கேள்விகள் உண்டு: இன்று எந்த மைதானத்தில் நிற்கிறோம், இது முதற் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாக யார் கோல் அடித்தார், போன கிழமை யாரோடு விளையாடினீர்கள், வென்றீர்களா. நாட்டின் ஜனாதிபதி யார் என்று கேட்டால் அடிபட்ட பிள்ளையும் சரியாகச் சொல்லிவிடும். சற்று முன் நடந்ததைக் கேட்டால்தான் தடுமாற்றம் வெளிப்படும்.

கரம்பன் கோல்காப்பாளர்

டொக்டர் சொல்வதை மதிக்கிறேன், ஆனாலும் என் ஐயத்தை மறைக்க விரும்பவில்லை. நாங்கள் விளையாடிய காலத்தில் கோல் கம்பத்தில் தலை அடிபட்டால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்கள், சோடா குடிக்கத் தருவார்கள், மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். எங்களில் எவரும் அதனால் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. ஐஸ் என்றால் பாசையூர் மீன்சந்தையில் மீன் பெட்டிக்குள் கிடப்பதை மட்டும் பார்த்தவன் நான். அதன் மேல் சப்பாத்தில் கத்தி கட்டிக்கொண்டு ஓடும் விளையாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் தலைக்கவசம், முகக்கம்பி, தோட்காப்பு என்று எல்லாம் போட்டுக்கொண்டுதானே இறங்குகிறார்கள்? அப்படியிருந்தும் மூளை அதிர்கிறது என்றால் கவசம் எதற்கு? எல்லாவற்றுக்கும் ஒரு நோயின் பெயரை வைத்துப் பிள்ளைகளைக் கோழைகளாக்குகிறோமோ என்று தோன்றுகிறது.

ரொறன்ரோ ட்ரெயினர்

கரம்பன் அண்ணாவுக்கு நான் பதில் சொல்கிறேன். நானும் யாழ்ப்பாணத்தான்தான்; இங்கே என் மகளின் ஐஸ் ஹொக்கி அணிக்குத் தொண்டராக ட்ரெயினர் வேலை பார்க்கிறேன். ஒன்ராறியோவில் சிறுவர் அணிகளோடு பயிற்சி பெற்ற ட்ரெயினர் ஒருவர் இருக்க வேண்டும், அடிபட்ட பிள்ளையை வெளியே எடுக்கும் பொறுப்பு அவருடையது.

கவசம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. மண்டையோடு உடையாமல் இருக்கவும், முகம் கிழியாமல் இருக்கவும் அது உதவுகிறது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. பந்துக்குப் பதிலாக அடிக்கும், 170 கிராம் வரை எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டான பக், பெரியவர்களின் ஆட்டத்தில் மணிக்கு 160 கிலோமீற்றருக்கு மேலும் பறக்கும்; கவசம் இல்லாமல் அதன் முன் நிற்க முடியாது. ஆனால் சட்டி உடையாமலே உள்ளிருக்கும் தயிர் கலங்குவதை நாம் பார்த்ததில்லையா? மண்டைக்குள் மூளை சுழல்வதை வெளியில் போட்ட கவசத்தால் முழுதாக நிறுத்த முடியாது. என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்கத் தொழில்முறைக் கழகம் 1979 முதல் புதிதாகச் சேரும் ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பழையவர்களுக்கு விலக்கு இருந்ததால் கிரேக் மக்டவிஷ் 1997இல் ஓய்வு பெறும் வரை வெறுந்தலையோடு ஆடினார். அவருக்குப் பிறகு கழகத்தில் வெறுந்தலையே இல்லை, ஆனால் மூளையதிர்வு ஒழியவில்லை. அதே கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர் சிட்னி குரொஸ்பிக்கு 2011 ஜனவரி முதலாம் திகதி தலையில் ஒரு மோதல். ஐந்தாம் திகதி ஆட்டத்தில் இறங்கியபோது இன்னொரு மோதல். அதன் பின் அவர் மீண்டும் களமிறங்கியது நவம்பரில், அடுத்த மாதமே மறுபடி அறிகுறிகள் வந்து அடுத்த ஆண்டு மார்ச் வரை வெளியே இருந்தார். உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கும் மிகச் சிறந்த வைத்தியர்களுக்கும் இந்த நிலை.

உண்மையில் பயன் தந்தவை விதி மாற்றங்கள். பக் வைத்திருப்பவரை உடலால் மோதித் தடுப்பதை இங்கே பொடி செக்கிங் என்பார்கள். கல்கரியில் கரலின் எமரி என்ற ஆய்வாளரின் குழு, 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு அந்த மோதலை அனுமதித்த அல்பேர்ட்டாவையும் அனுமதிக்காத கியூபெக்கையும் ஒப்பிட்டு 2010இல் ஆய்வொன்றை வெளியிட்டது. அனுமதித்த இடத்தில் மூளையதிர்வு மூன்று மடங்குக்கு மேல். 2013இல் ஹொக்கி கனடா அந்த வயதுப் பிரிவில் பொடி செக்கிங்கை நாடு முழுவதும் நிறுத்தி 13, 14 வயதுப் பிரிவுக்குத் தள்ளியது. பிந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறுவர், இளையோர் ஆட்டத்தில் பொடி செக்கிங்கைத் தடுப்பதால் மூளையதிர்வு 58 வீதம் குறைவதாகத் தெரிந்தது. பற்காப்பு அணிவதாலும் 28 வீதக் குறைவு காணப்பட்டது. தலைக்கவசத்தை மாற்றி மாற்றி வாங்கும் பெற்றோரை நான் நிறையப் பார்க்கிறேன். அந்தப் பணத்தில் சிறு பங்கைப் பற்காப்புக்குச் செலவிட்டால் எவ்வளவோ நல்லது.

மாமாவின் மருமகனுக்கு நடந்தது பின்னாலிருந்து தள்ளுதல். அது எந்த வயதிலும் குற்றம். சிறுவர்களின் சட்டை முதுகில், கழுத்துக்குக் கீழே, சிவப்பு நிறத்தில் நில் என்ற அடையாளம் தைத்திருப்பதை இங்கே காணலாம். எதிரியின் முதுகு தெரிந்தால் தள்ளாதே என்பதற்கான நினைவூட்டல் அது. பலகைச் சுவரை நெருங்கும்போது தலையை நிமிர்த்தி வைக்கவும், சுவருக்கு மூன்று நான்கு அடி தள்ளி நின்றுவிடாமல் முற்றாக ஒட்டி நிற்கவும் பிள்ளைகளைப் பழக்குகிறோம். இடைவெளியில் நிற்பவன்தான் தலை முன்னே போய் மோதுகிறான்.

கோழைத்தனம் பற்றி ஒன்று. 2013இல் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது ரக்பி வீராங்கனை சில நாட்களுக்குள் பலமுறை தலையில் அடிபட்டு, தனக்கு மூளையதிர்வோ என்று தானே சந்தேகித்தபடி அடுத்த ஆட்டத்திலும் இறங்கி, அதில் விழுந்து இறந்துபோனாள். அவளுடைய பெயரால் 2018இல் ஒன்ராறியோ சட்டம் இயற்றியது. 26 வயதுக்குட்பட்ட ஆட்டக்காரர்களும் பிள்ளைகளின் பெற்றோரும் ஒவ்வோர் ஆண்டும் மூளையதிர்வு பற்றிய கையேட்டைப் படித்ததாக உறுதிப்படுத்த வேண்டும்; சந்தேகம் வந்தாலே பிள்ளை வெளியே; வைத்தியரின் அனுமதி இல்லாமல் உள்ளே வர முடியாது. அந்தப் பெண்ணைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது, அண்ணா. அவள் தைரியமாக இருந்ததும், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமுள்ள ஒரு பெரியவர் அந்த வேளையில் பக்கத்தில் இல்லாததும்தான் நடந்தது.

வலிகாமம் வைத்தியர்

தம்பி குறிப்பிட்டது இரண்டாம் மோதல் எனப்படும் நிலை. அரிது, ஆனால் வளர்ந்துவரும் மூளைகளிலேயே பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது. முதல் அடி ஆறுவதற்குள் வரும் சிறிய அடிக்குக் கூட மூளை கட்டுக்கடங்காமல் வீங்கிவிடுகிறது.

அம்மம்மாவின் பயத்தையும் அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. தலையில் அடிபட்டால் நித்திரை கொள்ள விடக்கூடாது என்ற நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருக்கிறது. மண்டையோட்டுக்கும் மூளைச் சவ்வுக்கும் இடையில் இரத்தம் கசியும் சிலர், அடிபட்டதும் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சில மணி நேரத்தில் மந்தமாகிப் போவார்கள். அவர்கள் நித்திரை கொள்வதாக வீட்டார் நினைத்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் ஊரில் ஸ்கான் இல்லை, ஆகவே விழிக்க வைத்திருப்பதுதான் ஒரே கண்காணிப்பு. நித்திரை கசிவை உண்டாக்குவதில்லை. வைத்தியர் பரிசோதித்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளையை முதல் இரவு ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் போதும். வாரங்கள் கடந்த பிள்ளைக்கு மத்தியான நித்திரை மருந்து என்றே அம்மம்மாவிடம் சொல்லுங்கள்.

முதல் நாட்களுக்கான வலி மாத்திரை பற்றியும் ஒரு வரி: பனடோல் கொடுக்கலாம், இரத்தக்கசிவு இல்லை என்று தெரியும் வரை அஸ்பிரின், ஐபுப்ரோபன் வேண்டாம்.

கொக்குவில் பிசியோ

இருட்டறைக் கேள்விக்கு நான் எழுதுகிறேன், ஏனென்றால் எங்களிடம் வரும் பிள்ளைகளில் சிலர் மூளையதிர்வை விட இருட்டறையால் அதிகம் வாடிப்போய் வருகிறார்கள். யன்னல் சாத்தி, நண்பர்களைத் தடுத்து, பாடசாலையை நிறுத்தி இரண்டு கிழமை படுக்க வைத்தால் நல்ல பிள்ளைக்கும் தலைவலியும் தலைச்சுற்றும் மனச்சோர்வும் வரும். முன்பு வைத்தியர்களே அப்படித்தான் சொன்னார்கள். 2022இல் அம்ஸ்ரர்டாமில் கூடிய நிபுணர் மாநாட்டின் உடன்பாட்டு அறிக்கை அந்த வழக்கத்தைத் தெளிவாகக் கைவிட்டிருக்கிறது. இந்த மாநாட்டுத் தொடர் 2001இல் வியன்னாவில் தொடங்கியபோது அதைக் கூட்டியவர்களில் சர்வதேச ஐஸ் ஹொக்கிச் சம்மேளனமும் ஒன்று, ஆகவே அந்த விளையாட்டின் அனுபவம் இந்த விதிகளுக்குள் நிறையவே இருக்கிறது.

இப்போதைய முறை இது. முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை அளவான ஓய்வு: வீட்டுக்குள் நடமாடலாம், பேசலாம், சாப்பிடலாம், கைத்தொலைபேசித் திரையை அந்த இரண்டு நாட்களுக்குக் குறைக்க வேண்டும். அதன் பிறகு மெதுவான நடை. தலைவலி முற்றாகப் போகும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் பலருக்கு வியப்பைத் தருகிறது. நடக்கும் முன் தலைவலிக்குப் பத்தில் எத்தனை என்று பிள்ளையிடம் கேளுங்கள். நடக்கும்போது அது இரண்டு புள்ளிக்குள் கூடி, ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் பிழையில்லை. அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்தி, மறுநாள் தொடரலாம். பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜோன் லெடியின் குழு இளம் ஆட்டக்காரர்களிடையே நடத்திய சோதனையில், அளந்து கொடுத்த மென்மையான உடற்பயிற்சி செய்தவர்கள் 13 நாட்களிலும், வெறும் உடல் நீட்டற் பயிற்சி செய்தவர்கள் 17 நாட்களிலும் குணமடைந்தார்கள்.

மாமா, தாளிலுள்ள ஆறு படிகளை இங்குள்ள நடைமுறைக்கு இப்படி மாற்றிப் பாருங்கள். முதலாவது, வீட்டு நடமாட்டம். இரண்டாவது, காலையில் வெயில் ஏறுமுன் வேகநடை, பிறகு சற்று வேகமான ஓட்டம். நிலையான சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது, தனியாகப் பந்தை உருட்டி ஓடுதல், திரும்புதல். பக்கத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் பிறகு, ஓடும்போதும் ஓடி முடித்த பின்னும் எந்த அறிகுறியும் இல்லாத நிலை வர வேண்டும், வைத்தியர் எழுதித் தர வேண்டும். அப்போதுதான் மோதல் இல்லாத அணிப் பயிற்சியான நான்காவது, மோதலுடன் கூடிய முழுப் பயிற்சியான ஐந்தாவது, ஆட்டமான ஆறாவது. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். ஒழுங்கையில் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளோடு ஆடும் ஆட்டத்தில் நடுவரும் இல்லை, எல்லையும் இல்லை, இரண்டு பக்கமும் மதில். பெயருக்கு அது விளையாட்டாக இருந்தாலும் இந்த அளவில் அது ஆறாம் படிதான். அதே பிள்ளைகளைத் தள்ளி நின்று பந்து உருட்டிக் கொடுக்கச் சொன்னால் மூன்றாம் படி.

இன்னொன்றை நம்மூரில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அடிபட்ட பிள்ளை விளையாடாமல் இருக்கும், ஆனால் ரியூசனுக்குச் சைக்கிளில் காங்கேசன்துறை வீதியில் போய் வரும். சமநிலையும் பார்வையும் தடுமாறும் நாட்களில் பேருந்துக்கும் முச்சக்கரவண்டிக்கும் இடையில் சைக்கிள் ஓட்டுவது எந்த உதைபந்தாட்டத்தையும் விட ஆபத்தானது.

சமநிலையை நாங்கள் பார்க்கும் முறை எளியது. வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் கைகளை இடுப்பில் வைத்து, கண்ணை மூடி, முதலில் இரண்டு காலையும் சேர்த்து, பிறகு ஒற்றைக் காலில், பிறகு ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரல்களில் முட்ட வைத்து, ஒவ்வொன்றும் 20 விநாடிகள் நிற்கச் சொல்கிறோம். நல்ல பிள்ளையும் ஒற்றைக் காலில் கொஞ்சம் ஆடும். ஆனால் அதிர்வு ஆறாத பிள்ளை முதல் ஐந்து விநாடிக்குள் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிடும், எடுத்தது தனக்கே தெரியாமல் நிற்கும். பின்பு மாதங்களின் பெயரை மார்கழியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்கிறோம். ஆவணியில் வந்து நின்றுவிடுபவர்கள் நிறையப் பேர். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் ஆகையால் அவர்களுக்கே வெட்கமாகப் போய்விடுகிறது, சிரித்துச் சமாளிப்பார்கள்.

கழுத்தையும் விடக் கூடாது. தலை அதிரும் அளவுக்கு வந்த விசை கழுத்தினூடாகத்தான் வந்திருக்கும். பல கிழமைகள் நீடிக்கும் தலைவலியில் ஒரு பங்கு கழுத்துத் தசையிலிருந்தும், தலைச்சுற்றில் ஒரு பங்கு உட்காதின் சமநிலை உறுப்பிலிருந்தும் வருகிறது. இரண்டுக்கும் பிசியோ சிகிச்சை உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் நான்கு கிழமைக்குள் சரியாகிவிடுவார்கள்; அதற்கு மேல் நீடித்தால் நாட்கள் போனால் சரிவரும் என்று விட்டுவிடாமல் காட்ட வேண்டும்.

வடமராட்சி அம்மா

இந்த இழையை இரண்டு முறை வாசித்தேன். என் மகன் கிரிக்கெட் பயிற்சியில் பந்து பட்டு விழுந்தான். வைத்தியசாலையில் ஓரிரவு வைத்திருந்து அனுப்பினார்கள். விளையாட்டை நாங்களே நிறுத்திவிட்டோம், ஆனால் படிப்பைப் பற்றி யாரும் எங்களிடம் சொல்லவில்லை. உயர்தர வகுப்பு. கரும்பலகையைப் பார்த்துவிட்டுக் கொப்பியைப் பார்த்தால் எழுத்து அசைகிறது என்றான். மின்விசிறிச் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் சேர்ந்து தலையைப் பிளக்கிறது என்றான். வகுப்பில் மேசை மேல் தலையை வைத்தால் சோம்பல் என்று ஆசிரியர் எழுப்பி நிற்க வைத்தார். வெளிக்காயம் ஒன்றுமில்லாததால் நாங்களே சில நேரம் நம்பவில்லை. கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தால் அவனை யாரும் எழுதச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆசிரியராக இருக்கும் மாமாவிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: பாடசாலைக்கு ஏதாவது எழுதினால் விளையாட்டு ஆசிரியருக்கு மட்டும் எழுதாதீர்கள்.

கொக்குவில் பிசியோ

அக்கா சொன்னதைத்தான் அம்ஸ்ரர்டாம் அறிக்கையும் சொல்கிறது: முழுமையாக வகுப்புக்குத் திரும்பாத பிள்ளை முழுமையாக விளையாட்டுக்குத் திரும்ப முடியாது. முதலில் வீட்டில் சிறிது நேரம் வாசிப்பு, பிறகு அரை நாள் பாடசாலை, பிறகு முழு நாள். இடையில் 15 நிமிடம் அமைதியான இடத்தில் இருக்க அனுமதி, சோதனைகளைப் பின்போடுதல், கரும்பலகைக் குறிப்பை அச்சடித்துக் கொடுத்தல். இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை.

கரம்பன் கோல்காப்பாளர்

சரி, வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி நடைமுறை. துரையப்பா விளையாட்டரங்கில் இறுதிப் போட்டி, பழைய மாணவர்கள் பறையோடு வந்து நிற்கிறார்கள், கோல்காப்பாளன் விழுகிறான். பயிற்சியாளர் ஓடிப்போய், என்ன, ஏலுமா என்று கேட்கிறார். ஏலாது என்று எந்தப் பையன் சொல்வான்? அந்த ஒரு நிமிடத்தில் யார் எதை வைத்துத் தீர்மானிப்பது? கையில் கொப்பி வைத்துக்கொண்டு மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வதற்கு நடுவர் நேரம் தருவாரா?

வலிகாமம் வைத்தியர்

அண்ணா, நீங்கள் கேட்டிருப்பதுதான் இந்த விடயத்தின் மையம். அந்த நிமிடத்தில் நோயைக் கணிக்கத் தேவையே இல்லை. ஸ்கற் 6 எனப்படும் முழுப் பரிசோதனை வைத்தியர்களுக்கும் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களுக்கும் உரியது. பத்து நிமிடத்துக்குக் குறைவாக அதைச் சரியாகச் செய்ய முடியாது. மைதான ஓரத்தில் நிற்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் வேறொரு சிறிய தாள் இருக்கிறது. அது கேட்பது அடிபட்டதா, ஏதாவது ஒரு மாற்றம் தெரிகிறதா என்பதை மட்டும்தான். தள்ளாட்டம், வெறித்த பார்வை, எழும்பத் தாமதம், தலையைப் பிடித்துக்கொள்ளல், திரும்பக் கேட்டல்: ஒன்று போதும், அன்றைய ஆட்டம் அந்தப் பிள்ளைக்கு முடிந்தது. பரிசோதனை பிறகு. ஏலுமா என்ற கேள்வியைப் பிள்ளையிடம் கேட்பதே பிழை, ஏனெனில் பதில் சொல்ல வேண்டிய உறுப்புத்தான் அடிபட்டிருக்கிறது.

நிபுணர்கள் பார்த்தும் உடனே தெரியாமல் போகலாம் என்பதற்கு 2019 ஓகஸ்ட் மாதம் லோர்ட்ஸ் மைதானத்தில் நடந்ததைச் சொல்லலாம். ஜொஃப்ரா ஆச்சரின் பந்து கழுத்தில் பட்டு விழுந்த ஸ்டீவ் ஸ்மித், பரிசோதனைகளில் தேறி மீண்டும் வந்து துடுப்பெடுத்தாடினார். மறுநாள் அறிகுறிகள் தெரிந்தன. அந்த மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்த மாற்று வீரர் விதியின்படி மார்னஸ் லபுஷேன் அவருக்குப் பதிலாக இறங்கினார். அறிகுறிகள் மணித்தியாலங்கள் கழித்தும் வரும். உதைபந்தாட்டத்திலும் 2024 ஜூலை முதல், மூளையதிர்வு சந்தேகத்துக்கு மேலதிகமாக ஒரு மாற்று வீரரை அனுமதிக்கும் விதியைப் போட்டி நடத்துபவர்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். நம் மாகாணப் பாடசாலைப் போட்டிகளுக்கு அதைக் கேட்டுப் பெறலாம். ஆள் குறையாது என்று தெரிந்தால் பயிற்சியாளருக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும். பிள்ளையை வெளியே எடுக்கத் தயங்குபவர்கள் கெட்டவர்கள் அல்லர், பத்துப் பேரோடு ஆட வேண்டியிருக்கிறதே என்று பயப்படுபவர்கள்.

மதிலோரம்

நீண்ட நாளாக வாசிப்பவன், முதல் முறை எழுதுகிறேன். ரொறன்ரோ அண்ணா பலகைச் சுவரைப் பற்றி எழுதியதும் எனக்கு எங்கள் ஊர்ப் பாடசாலை மைதானம் நினைவுக்கு வந்தது. எல்லைக் கோட்டுக்கும் சுற்றுமதிலுக்கும் இடையில் ஒரு முழு ஆள் படுக்க இடமில்லை. ஐஸ் ஹொக்கியில் பலகை கொஞ்சமாவது வளைந்து கொடுக்கும், எங்கள் மதில் சீமெந்துக் கல்லில் கட்டியது. ஆடிக் கோடையில் நிலம் கல்லாகக் கிடக்கும், கோல் கம்பம் வெறும் இரும்புக் குழாய். கோட்டை இரண்டு மீற்றர் உள்ளே இழுத்துக் கீறுவதற்கும், மதிலோரம் பழைய டயர்களை நிறுத்துவதற்கும், கம்பத்தின் அடியில் ரப்பர் மெத்தை சுற்றுவதற்கும் யாருடைய அனுமதி வேண்டும்?

அத்துடன் ஒரு கேள்வி. அடிபட்டவர்களுக்குப் பிற்காலத்தில் நினைவு கெட்டுப்போகும் என்று காணொளிகளில் சொல்கிறார்களே, ஒரு தடவை அடிபட்டாலும் அப்படியா?

வலிகாமம் வைத்தியர்

இல்லை, தம்பி. நீங்கள் கேள்விப்பட்டது சி.ரி.ஈ. எனப்படும் மூளைத் தேய்வு. அது பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பத் தலையில் மோதல் பட்டவர்களோடு தொடர்புடையது, இறந்தபின் மூளையை ஆராய்ந்தே இன்றைக்கும் உறுதிப்படுத்துகிறார்கள். 2015இல் 35 வயதில் இறந்த என்.எச்.எல். ஆட்டக்காரர் ஸ்டீவ் மொன்டடோருக்கு அது இருந்தது கண்டறியப்பட்டது. ஒரு தடவை அடிபட்டு, முறையாக ஆறி, படிப்படியாகத் திரும்பிய பிள்ளையின் பெற்றோர் அந்தக் காணொளிகளைப் பார்த்து நித்திரையைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

அரியாலை மாமா

எல்லோருக்கும் நன்றி. அத்தான் ஸ்கான் யோசனையைக் கைவிட்டுவிட்டார். டொக்டரின் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மருமகன் காலையில் முற்றவெளியில் ஓடுகிறான், பின்னேரம் முற்றத்தில் தனியாகப் பந்து உருட்டுகிறான். ஒழுங்கை ஆட்டத்துக்கு அவனை நடுவராக்கியிருக்கிறோம். விசில் அவன் கையில் இருப்பதால் பெரிய சண்டை இல்லை. நான்காம் படிக்கு முன் இங்கே ஒரு வைத்தியரிடம் காட்டி, அவர் எழுதித் தருவதைத் தாளோடு சேர்த்து ரொறன்ரோவுக்கு அனுப்பப் போகிறோம்.

பாடசாலைக்கு ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறேன். மேலே அபாய அறிகுறிகளும் 1990 இலக்கமும். நடுவில், சந்தேகம் வந்தால் பிள்ளையை அன்றைக்கு வெளியே எடுக்கும் அதிகாரம் பயிற்சியாளர் அல்லாத ஓர் ஆசிரியரிடம் இருக்கும் என்ற வரி. கீழே ஆறு படிகள், அவற்றுக்கு எதிரே வைத்தியரின் கையெழுத்துக்கும் வகுப்பாசிரியரின் கையெழுத்துக்கும் தனித்தனி இடம். வடமராட்சி அக்கா சொன்னதால் இரண்டாவது இடத்தைச் சேர்த்தேன். மதில் விடயம் அதிபரிடம் போயிருக்கிறது. டயருக்குச் சம்மதித்துவிட்டார், கோட்டை உள்ளே இழுப்பதற்குத்தான் கிரிக்கெட் பொறுப்பாளரோடு பேச வேண்டியிருக்கிறது.

கரம்பன் கோல்காப்பாளர்

கம்பத்துக்கு மெத்தை சுற்றும் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், மாமா, அளவை எடுத்து அனுப்புங்கள். டொக்டரிடம் ஒரு கேள்வி மட்டும்: 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட அணிக்கும் இதே பரிசோதனைதானா?

வலிகாமம் வைத்தியர்

மைதானத் தாள் எல்லா வயதுக்கும் ஒன்றுதான், அண்ணா. வைத்தியர் செய்யும் பரிசோதனையில் 8 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனிப் படிவம் இருக்கிறது. அதில் மாதங்களுக்குப் பதிலாகக் கிழமை நாட்களைப் பின்னோக்கிக் கேட்பார்கள். பெற்றோர் நிரப்ப வேண்டிய பகுதி ஒன்றும் உண்டு. ஆகவே பிள்ளையைக் கொண்டு வருபவர் வீட்டில் அவனோடு இருப்பவராக இருந்தால் நல்லது. வான் சாரதியோடு அனுப்பிவிட வேண்டாம்.